விலகும் ஆட்டக்காரரின் பாத்திரத்தை வழியனுப்புவது எப்படி? விண்வெளி ரோல்பிளே ஆட்டங்களுக்கான கேள்வி-பதில்

பலர் சேர்ந்து கதை வளர்க்கும் அறிவியல் புனைவு ரோல்பிளே ஆட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலான பதில்கள் எழுதி ஆடும் ஆட்டங்களுக்கானவை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவோருக்கு எங்கே மாறுமோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம். நடத்துநர் என்றால் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தையும் கதையையும் வழிநடத்துபவர். பதிவு என்றால் ஒருவர் ஒரு தடவை எழுதிப் போடும் கதைத்துண்டு. என்.பி.சி. என்றால் எந்த ஆட்டக்காரருக்கும் சொந்தமில்லாமல் நடத்துநர் ஆட்டுவிக்கும் துணைப்பாத்திரம்.

ஒருத்தர் ஆட்டத்தை விட்டுப் போயிட்டா, அவரோட பாத்திரத்தைப் பத்திப் பேசாம விட்டுட்டாப் போதாதா?

சின்னப் பாத்திரமென்றால் போதும். இரண்டு காட்சியில் தலைகாட்டிய சரக்குப் பிரிவு ஊழியரை யாரும் தேடமாட்டார்கள். தலைமைப் பொறியாளர் கதை வேறு. எஞ்சின் பழுதானதும் எல்லார் கண்ணும் அவரைத்தான் தேடும்.

பேசாமல் விட்டால் ஒருவர் "பொறியாளரிடம் கேட்டேன், சரி என்றார்" என்று எழுதுவார். அதே நேரத்தில் இன்னொருவர் பொறியாளர் அறை பூட்டிக் கிடக்கிறது என்று எழுதுவார். இரண்டும் கதையில் நடந்ததாகிவிடும். பிறகு யார் எழுதியதை அழிப்பது என்று சண்டை வரும். ஒரு பத்தி எழுதி முடித்திருக்க வேண்டிய வேலை அது.

சொல்லாமக் கொள்ளாமக் காணாமப் போயிட்டார். எத்தனை நாள் காத்திருக்கலாம்?

உங்கள் ஆட்டத்தின் வேகத்தைப் பொறுத்தது. இரண்டு நாளுக்கு ஒரு பதிவு என்று ஓடும் ஆட்டத்தில் இந்தக் கணக்கு ஒத்துவரும்: 7-ஆம் நாள் தனியாக விசாரியுங்கள், 14-ஆம் நாள் பாத்திரத்தை நடத்துநர் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளட்டும், 30-ஆம் நாள் வழியனுப்புங்கள். வாரம் ஒருமுறை கூடும் மேசை ஆட்டமென்றால் இரண்டு அமர்வு வராதபோது விசாரிப்பதும், நான்காவதில் முடிவெடுப்பதும் போதும்.

நடுவே நடத்துநர் கையில் இருக்கும் நாட்களில் பாத்திரம் தன் வழக்கமான வேலையைச் செய்யும், அவ்வளவுதான். புதிதாக எந்தக் கருத்தும் சொல்லாது, எந்த முடிவும் எடுக்காது, அடிபடாது, காதலிக்காது. இந்த நாள்கணக்கை ஆட்டம் தொடங்கும்போதே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். ஒருவர் காணாமல் போன பிறகு விதி போட்டால் அது அவருக்காகவே போட்ட விதியாகத் தெரியும்.

சரி, வழியனுப்பறதுன்னு முடிவாயிடுச்சு. முதல்ல என்ன செய்யணும்?

எல்லாரும் முதலில் காரணத்தைத்தான் யோசிக்கிறார்கள்: விபத்தா, மாற்றலா, சாவா என்று. அது கடைசி வேலை. முதலில் அந்தப் பாத்திரம் எதையெல்லாம் பாதியில் விட்டுப்போகிறது என்று ஒரு தாளில் கணக்கெடுங்கள். முடியாத காட்சிகள், கையிலுள்ள பொருட்களும் கடவுச்சொற்களும், அவருக்கு மட்டும் தெரிந்த செய்திகள், பிறருக்குக் கொடுத்த வாக்குறுதிகள், அவர் பார்த்துவந்த வேலை. பழைய பதிவுகளில் கடைசி இருபது முப்பதைப் படித்தாலே முக்கால்வாசி கிடைத்துவிடும்.

ஓர் உதாரணம். பொறியாளர் மாறன் விலகுகிறார். குளிர்விப்புச் சுற்றின் மூன்றாவது பம்ப்பை அவர் கழற்றிப் போட்ட இடத்தில் காட்சி நிற்கிறது. உலை அறையின் கடவுச்சொல் அவருக்கும் கேப்டனுக்கும் மட்டுமே தெரியும். ஒரு பயணப் பதிவை அவர் திருட்டுத்தனமாக அழித்திருக்கிறார், அது யாருக்கும் தெரியாது. அடுத்த நிலையத்தில் மருத்துவர் கயலின் தம்பியைத் தேடித்தருவதாக வாக்கு கொடுத்திருக்கிறார்.

இப்போது பாருங்கள், காரணம் தானாகவே குறுகிவிட்டது. பம்ப் திறந்து கிடப்பதால் மாறன் இன்றிரவே மறைந்தால் கப்பல் சூடேறும். அந்த நெருக்கடி கதைக்கு வேண்டுமா? வேண்டாமென்றால் ஒரு பதிவில் அவர் பம்ப்பை மாட்டிவிட்டு, அடுத்த நிலையத்தில் இறங்கட்டும். அங்கே இறங்கினால் கயலின் தம்பியைத் தேடும் வேலையும் அவரோடு இறங்கிவிடும். அழித்த பதிவை என்ன செய்வது என்பதற்குக் கீழே ரகசியம் பற்றிய கேள்வியில் பதில் இருக்கிறது.

மாற்றல், காணாமல் போவது, உறைதூக்கம் (உடலைக் குளிரவைத்து நெடுநாள் தூங்கவைப்பது), சாவு. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் திரும்பி வர வாய்ப்பு உண்டா? உண்டு, அல்லது தெரியாது என்றால் மாற்றல்தான் முதல் தேர்வு. வேறு கப்பலுக்குப் பணியிட மாற்றம், பதவி உயர்வு, ஒப்பந்தம் முடிந்து இறங்குவது, விசாரணைக்கு அழைக்கப்படுவது எல்லாம் இதில் அடங்கும். சுவாரசியமில்லை என்று சலித்துக்கொள்வார்கள். ஆனால் எந்தக் கதவையும் சாத்தாத வழி இதுதான்.

காணாமல் போகவைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. விண்வெளியில் ஒருவர் காணாமல் போனால் நல்ல சகாக்கள் தேடத்தானே செய்வார்கள்? ஆட்டம் முழுக்கத் தேடுதல் வேட்டையாக மாறி, இல்லாத ஆட்டக்காரரே கதாநாயகராகிவிடுவார். தேட முடியாததற்கு வலுவான காரணம் கையில் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். உறைதூக்கத்துக்கும் சாவுக்கும் தனிக் கேள்விகள் இருக்கின்றன.

யாராவது செத்தாத்தான் கதைக்குக் கனம் வரும்னு சொல்றாங்களே?

வரும், ஆட்டக்காரர் சம்மதித்திருந்தால். சம்மதமில்லாமல் சாகடித்தால் மீதமுள்ளவர்களுக்குக் கிடைக்கும் செய்தி, 'நாமும் ஒரு மாதம் வராவிட்டால் இதுதான் கதி' என்பது மட்டுமே. 1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ரோல்பிளே ஆட்டத்தில் பாத்திரத்தை உருவாக்கும்போதே பகடை சரியாக விழாவிட்டால் அது இறந்துபோகும். யாருக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் உட்காரும்போதே எல்லாருக்கும் அந்த விதி தெரியும். நீங்களும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் செய்யலாம்.

விலகுறவரே "என் ஆளைச் சாகடிச்சிடுங்க"ன்னு கேக்கறார். எப்படி எழுதறது?

அவரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: எப்படிப்பட்ட சாவு (திடீரென்றா, தெரிந்தே ஏற்றதா), யார் பக்கத்தில் இருக்கவேண்டும், எந்த அளவு விவரம். கடைசிப் பதிவை அவரே எழுத முன்வந்தால் விட்டுவிடுங்கள், அதைவிட நல்லது எதுவுமில்லை.

வெற்றிடத்தில் சாகவைப்பதென்றால் உடல் வெடிப்பது, நொடியில் பனிக்கட்டியாவது எல்லாம் வேண்டாம். சுமார் 10 முதல் 15 வினாடியில் நினைவு தப்பும். 1966-இல் நாசாவின் வெற்றிட அறைச் சோதனையில் உடையிலிருந்து காற்று வெளியேறிய ஒருவர் ஏறத்தாழ 14 வினாடியில் மயங்கினார். நாக்கில் எச்சில் கொதித்ததுதான் கடைசி நினைவு என்று சொன்னார். உடனே காற்றழுத்தம் ஏற்றியதால் பிழைத்துக்கொண்டார். ஆக, உங்கள் பாத்திரத்துக்கு ஒரு கைப்பிடியைத் திருப்பவும் ஒரு வாக்கியம் சொல்லவும்தான் நேரம். நீண்ட வசனம் வேண்டுமென்றால் கதிர்வீச்சையோ மெதுவாகக் குறையும் ஆக்சிஜனையோ தேர்ந்தெடுங்கள்.

எங்க கப்பல் நட்ட நடு வெளியில போயிட்டிருக்கு. எங்க இறக்கிவிடறது?

நினைத்த நேரத்தில் நிலையங்கள் எதிர்ப்படும் ஆட்டத்தில் இந்தச் சிக்கலே இல்லை. உண்மையான இயற்பியலை மதிக்கும் ஆட்டத்தில்தான் தலைவலி. பூமியிலிருந்து செவ்வாய்க்கு எரிபொருள் சிக்கனமான பாதையில் போனால் ஏறத்தாழ 260 நாள். அந்தப் பாதைக்கான வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். பாதி வழியில் "இன்னொரு கலம் வந்து கூட்டிக்கொண்டு போனது" என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

இங்கே செய்ய வேண்டியது, கப்பலைவிட்டு இறக்குவதல்ல. கதையின் முன்வரிசையிலிருந்து இறக்கினால் போதும். கதிர்வீச்சு வரம்பு இதற்கு அருமையான காரணம். நாசா தன் விண்வெளி வீரர்களுக்குப் பணிக்காலம் முழுமைக்குமாக 600 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்று வரம்பு வைத்திருக்கிறது. செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ரோவரை அங்கே சுமந்துபோன கலத்தில் எடுத்த அளவீட்டை வைத்துக் கணக்கிட்டால், செவ்வாய்க்குப் போய்வரும் பயணத்துக்கு மட்டுமே சுமார் 660 ஆகிறது. உங்கள் ஆட்டத்தில் வரம்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். முன்பே சில பயணங்கள் போய்வந்த மூத்தவர் மற்றவர்களுக்கு முன்னால் வரம்பைத் தொடுவது இயல்பு. மருத்துவர் அவரைத் தடித்த சுவருள்ள உள்ளறை வேலைக்கு மாற்றுகிறார். மாறன் கப்பலில்தான் இருக்கிறார், உதிரிப்பாகக் கணக்கு பார்க்கிறார், காட்சிகளில் வருவதில்லை.

இன்னொரு வழி வேலைநேரம். மூன்று ஷிப்ட் உள்ள கப்பலில் எதிர் ஷிப்டுக்குப் போனவர் விழித்திருப்பது நீங்கள் தூங்கும்போதுதான். வசதியான பொய் மாதிரி தெரியும், ஆனால் நடைமுறையில் அசைக்க முடியாத காரணம்.

உறைதூக்கத்துல போட்டுட்டா எல்லாம் சுலபமா முடிஞ்சிடுமே?

போடுவது சுலபம். அடுத்த நெருக்கடி வந்ததும் "மாறனை எழுப்புங்கள், அவருக்குத் தெரியும்" என்று யாராவது எழுதுவார்கள். அது நியாயமும்கூட. அப்போது எழுப்பாமல் இருக்க உங்களிடம் காரணம் இருக்கவேண்டும்.

அதனால் படுக்கவைக்கும் பதிவிலேயே எழுப்புவதன் விலையைச் சொல்லிவிடுங்கள். எழுப்ப மூன்று நாளாகும், அதுவரை மருத்துவ அறையின் மின்சாரம் முழுவதும் அதற்கே போகும், ஒருமுறை எழுப்பினால் இந்தப் பயணத்தில் மறுபடி தூங்கவைக்க முடியாது என்பதுபோல. டிராவலரில் மலிவான உறைதூக்கப் பயணம் போனவர் எழும்போது பிழைக்கிறாரா என்று பகடை உருட்டிப் பார்க்கும் விதி உண்டு. அப்படியொரு ஆபத்து இருந்தாலே அவசரக்கார கேப்டன் இரண்டு தடவை யோசிப்பார். நோய் குணமாகும்வரை தூக்கம் என்ற காரணத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், உங்கள் மருத்துவர் அடுத்த வாரமே மருந்து கண்டுபிடித்துவிடுவார்.

மாற்றலாகிப் போனவர் கடிதம் அனுப்பலாமா? மற்றவங்க அவருக்கு எழுதலாமா?

மற்றவர்கள் எழுதலாம். பதில் வரக்கூடாது, அல்லது "நலம், வேலை அதிகம்" என்ற அளவில் நிற்கவேண்டும். நடத்துநர் அவர் குரலில் நீளமாகப் பதில் எழுதத் தொடங்கினால் பாத்திரம் போகவே இல்லை என்றாகிவிடும்.

தூரத்தையே சாக்காக வைக்கலாம். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு செய்தி போக, கிரகங்களின் இருப்பைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம்வரை ஆகும். பேச்சு வார்த்தை செத்துப்போகும், கடிதம் பிழைக்கும். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரிக்கு 4.2 ஆண்டுக்கு மேல். கேள்வி கேட்டவர் பதில் வரும்போது எட்டரை வயது மூத்திருப்பார்.

எங்க உலகத்துல மனசை நகலெடுத்து வெச்சுக்கலாம். செத்தாலும் புது உடம்பு வந்துடும். இதுல எப்படி முடிச்சு வைக்கறது?

2009-இல் வந்த எக்லிப்ஸ் பேஸ் ஆட்டம் இப்படிப்பட்டது. 1984-இல் வந்த பாரனோயா ஆட்டத்தில் ஆளுக்கு ஆறு குளோன், அதாவது நகல் உடல். இந்த மாதிரி உலகத்தில் சாவு வெறும் செலவுக் கணக்கு, வழியனுப்ப உதவாது.

அங்கே விலகலுக்கு விருப்பமே காரணமாகட்டும். நகல் இருக்கிறது, ஆனால் "என்னை இங்கே மறுபடி எழுப்பாதீர்கள்" என்று பாத்திரம் உத்தரவு எழுதிவைத்திருக்கிறது. அல்லது நகல் பழையது: கப்பலில் சேருவதற்கு முன் எடுத்தது. எழுப்பினால் வருபவருக்கு உங்கள் யாரையும் தெரியாது. இரண்டாவது வழி மிக நல்ல கதை, ஆனால் ஆட்டக்காரர் திரும்பும் எண்ணமிருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

கதையோட முக்கிய ரகசியம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரே போயிட்டா?

ரகசியம் கப்பலில் தங்கவேண்டும். மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள்: ஒரு பொருளாக விட்டுப்போகட்டும், ஒரு ஆளிடம் ஒப்படைக்கட்டும், அல்லது போகும்முன் வெளியே வந்துவிடட்டும். பொருளாக விடும்போது முழுசாக விடாதீர்கள். மாறன் அழித்த பயணப் பதிவின் கதையை ஒரு வாக்குமூலமாக எழுதிவைத்தால் அத்தோடு தீர்ந்தது. அதைவிட, பொறியியல் அறையில் அவர் மாற்றிவைத்த ஒரு தரவுச் சேமிப்புத் தட்டு எண் வரிசையில் பொருந்தாமல் இருக்கட்டும். யார் கவனிக்கிறாரோ அவர் கதையை எடுத்துக்கொள்வார்.

ஒளிந்திருந்த துரோகியே அவர்தான் என்றால், நடத்துநருக்கும் விலகுபவருக்கும் மட்டும் தெரிந்திருக்கும்வரை அதைக் கைவிடலாம். வேறொருவர் தலையில் கட்டுவதானால் அவரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அவரோட பாத்திரத்தை என்.பி.சி. ஆக்கி நாமே ஓட்டக்கூடாதா?

ஆட்டக்காரர் எழுத்தில் சரி என்றால் கூடும். அப்போதும் இரண்டாவது கேள்வியில் சொன்ன கட்டுப்பாடு தொடரும்: வேலை செய்யலாம், வளர்ச்சி வேண்டாம். ஒருவர் ஓராண்டாக எழுதி வளர்த்த கோபக்காரப் பொறியாளர் வேறொருவர் கையில் சாதுவாகிவிட்டால், திரும்பி வருபவருக்குத் தன் வீட்டில் அந்நியர் குடியிருந்த உணர்வு வரும்.

வேலைக்குத்தான் ஆள் வேண்டுமென்றால் புது என்.பி.சி. ஒருவரை வையுங்கள். அவர் கொஞ்சம் சுமாரானவராக இருப்பது நல்லது. பழையவரைவிடக் கெட்டிக்காரரை வைத்தால், அந்தப் பதவிக்கு வர நினைக்கும் புது ஆட்டக்காரருக்கு இடமில்லாமல் போகும்.

என் பாத்திரமும் அவரோட பாத்திரமும் காதலர்கள். அவர் விலகுறார். நான் என்ன செய்யறது?

இங்கே முடிவில் உங்களுக்கும் பங்கு உண்டு. பொதுவில் அறிவிப்பதற்கு முன் நடத்துநர் உங்களிடம் பேசியிருக்கவேண்டும், பேசாவிட்டால் கேளுங்கள். உங்களுக்கு எது எழுத வரும் என்பதைச் சொல்லுங்கள்: பிரிவா, காத்திருப்பா, முறிவா? சில பேருக்கு ஆறு மாதம் துக்கம் எழுதப் பிடிக்கும். சிலருக்கு அடுத்த வாரமே வேறு கதைக்குப் போகவேண்டும். பாத்திரத்தின் துக்கம் உங்கள் வீட்டுப்பாடம் ஆகிவிடக்கூடாது.

சம்மதமில்லாத ஒரு காரியம் மட்டும் வேண்டாம்: போனவர் துரோகம் செய்ததாக எழுதி உங்கள் பாத்திரத்தை விடுவித்துக்கொள்வது. அவர் திரும்பி வந்து படிப்பார்.

கடைசிக் காட்சியை எவ்வளவு நீளம் எழுதலாம்?

முடிந்தவரை சின்னதாக. எல்லாரும் ஆளுக்கொரு பிரியாவிடை வசனம் எழுதினால் எட்டு பேர் இருக்கும் ஆட்டத்தில் இரண்டு வாரம் அதிலேயே ஓடிவிடும், விலகுபவரோ பாதியில் எழுதவரமாட்டார். ஒரு கூட்டுக் காட்சி, ஐந்து நாள் கெடு, ஆளுக்கு ஒரு பதிவு. தனியாகப் பேசவேண்டியவர்கள் அதிகபட்சம் இரண்டு பேர் தனிக் காட்சி வைத்துக்கொள்ளட்டும்.

எழுதும்போது போகிறவரின் உணர்ச்சியைவிட வேலை ஒப்படைப்பைக் காட்டுங்கள். கீழே ஒரு மாதிரி:

"மூன்றாவது பம்ப் சத்தம் போடும். போடட்டும். சத்தம் நின்றால்தான் ஓடணும்," என்றார் மாறன். சாவிக்கொத்திலிருந்து சின்ன ஸ்பேனரை மட்டும் கழற்றி மேசையில் வைத்தார். "இது கப்பலோடது இல்லை, என்னோடது. வெச்சுக்கோ."

பம்ப்பின் குணம், பதவி மாறியது, பொறியாளரின் பிரியம் எல்லாம் இதற்குள் வந்துவிட்டன. அழுகை எழுத விரும்புபவர் தன் பதிவில் எழுதிக்கொள்வார்.

சண்டை போட்டுட்டுப் போனவரோட பாத்திரத்தையும் மரியாதையா அனுப்பணுமா?

ஆமாம். கழிவறைக் குழாய் வெடித்துச் செத்தார் என்று எழுதினால் ஒரு நாள் சிரிப்பு வரும். பிறகு அந்தக் கப்பலின் வரலாற்றில் அது நிரந்தரமாக இருக்கும், புதிதாகச் சேருகிறவர் படித்துவிட்டு உங்கள் குழுவைப் பற்றித்தான் முடிவுக்கு வருவார். மாற்றல் என்று ஒரு வரி போதும். சண்டை பற்றிக் கதைக்குள் ஜாடைமாடையாகக்கூட எழுதவேண்டாம்.

ஆட்டக்காரரே இறந்துட்டார். அப்ப?

பாத்திரத்தைக் கதையில் சாகடிக்க வேண்டாம். குழுவிடம் நேரடியாகச் சொல்லுங்கள், சில நாள் ஆட்டத்தை நிறுத்துங்கள், பிறகு என்ன செய்யலாம் என்று எல்லாரிடமும் கேளுங்கள். பாத்திரம் நீண்ட பயணம் ஒன்றுக்குப் பொறுப்பேற்றுப் போவது பொதுவாக எல்லாருக்கும் ஏற்புடையதாக இருக்கும். அந்தப் பெயரையும் பதவி எண்ணையும் மறுபடி யாருக்கும் கொடுக்காதீர்கள். குடும்பத்தார் அவர் எழுதியவற்றைக் கேட்டால் தொகுத்துக் கொடுங்கள், மற்றவர்களின் தனிக் காட்சிகளை நீக்கிவிட்டு.

ஒரு வருஷம் கழிச்சு "நான் திரும்ப வரேன்"ங்கறார். பழைய இடத்துலயே சேர்த்துக்கலாமா?

சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பழைய பதவி கிடைக்குமென்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இடத்தில் இப்போது வேறொரு ஆட்டக்காரர் உழைத்திருப்பார். மாறன் ஆய்வாளராக, ஒப்பந்தக்காரராக, சிக்கலில் மாட்டிய பயணியாக ஏறலாம். முதல் மூன்று நான்கு பதிவுகளுக்கு அவர் எதையும் காப்பாற்றக்கூடாது என்று பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இருப்பவர்கள் எல்லாரும் அவருக்காகக் காத்திருந்த கூட்டம்போல் ஆகிவிடுவார்கள்.

கதையில் அவருக்கு எவ்வளவு காலம் கழிந்தது என்பது உங்கள் கையில். ஒளிவேகத்தை நெருங்கும் கப்பலில் காலம் மெதுவாக ஓடும். ஒளிவேகத்தில் 90 சதவீதத்தில் ஓடிய கப்பலில் ஓராண்டு கழிந்தால் நிலையத்தில் சுமார் 2.3 ஆண்டு. 99 சதவீதத்தில் ஏறத்தாழ 7 ஆண்டு. உங்கள் கப்பல்தான் வேகமாகப் போனதென்றால் திரும்புகிறவர் ஏழு வயது மூத்து, உங்களுக்கு அனுப்பிப் பதில் வராத கடிதங்களின் கோபத்தோடு ஏறுவார். அவர் வேகமாகப் போயிருந்தால் நேற்றுப் பிரிந்ததுபோல் வந்து நிற்பார், மூத்திருப்பவர்கள் நீங்கள். ஆட்டக்காரரிடம் எது வேண்டுமென்று கேட்டுவிட்டு வேகத்தை முடிவுசெய்யுங்கள். பெரும்பாலானோர் இரண்டாவதைக் கேட்பார்கள், முதலாவதில்தான் கதை அதிகம்.